மருத்துவ மாணவர் ஆய்வுகளும் திறந்த அணுக்கமும்

மருத்துவக் கல்லூரியில் படிக்கும் ஒருவர், படிப்புக் காலத்திலேயே, ஒரு வழிகாட்டியின் மேற்பார்வையில் செய்யும் ஆய்வு மருத்துவ மாணவர் ஆய்வு எனப்படுகிறது. இளநிலை மாணவர் இரண்டு மாதத்தில் முடிக்கும் சிறு ஆய்வும் இதில் அடங்கும். முதுநிலை மாணவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதும் ஆய்வேடும் அடங்கும். ஆய்வின் முடிவை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கவும், பதிவிறக்கவும், ஆக்கியோர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தவும் விடுவது திறந்த அணுக்கம். இந்தியாவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர் ஆய்வுகள் முடிகின்றன. அவற்றுள் பல, தேர்வு முடிந்ததும் துறை நூலகத்தின் அலமாரிக்குள் போய்விடுகின்றன. அங்கிருந்து அவற்றை வெளியே கொண்டுவர என்ன வழிகள் உள்ளன, எங்கெங்கே கவனம் தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மாணவர் கண்டுபிடிப்புகள் இரண்டு

மாணவர் செய்யும் ஆய்வு பயிற்சிக்கானது, அதில் புதிதாக எதுவும் வந்துவிடாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. மருத்துவ வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர் தம் பட்ட ஆய்வேட்டில், கணையத்துக்குள் தீவுகளைப் போல ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களை விவரித்தார். அவை எதற்காக இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதினார். அந்த ஆய்வேடு அச்சில் இருந்தது, படிக்கக் கிடைத்தது. 24 ஆண்டுகள் கழித்து, 1893இல், பிரான்சின் லாகெஸ் அதை எடுத்து, அச்செல் கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று பெயரிட்டார். இன்சுலின் சுரப்பது அங்கிருந்துதான் என்பது பின்னர் தெளிவாயிற்று.

இரண்டாவது கதை அவ்வளவு நல்லபடியாக அமையவில்லை. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐவர் சான்ட்ஸ்ட்ரோம், 1877இல் ஒரு நாயின் கழுத்தை அறுத்து ஆராய்ந்தபோது தைராய்டை ஒட்டி மிகச் சிறிய ஓர் உறுப்பைக் கண்டார். பூனை, முயல், மாடு, குதிரை என்று தொடர்ந்து தேடினார்; பிறகு 50 மனித உடல்களிலும் பார்த்தார். பாராதைராய்டு என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. பெயர்பெற்ற ஜெர்மானிய இதழ் ஒன்று கட்டுரை நீளமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. 1880இல் உப்சாலா மருத்துவர் சங்கத்தின் இதழில், சுவீடிய மொழியில் அது வெளியானது. பெரும்பாலோர் கவனிக்கவில்லை. சான்ட்ஸ்ட்ரோம் 1889இல் இறந்தார். 1891இல் பாரிசில் யூஜின் கிளே இந்தச் சுரப்பிகளை மீண்டும் கண்டு, அவற்றை அகற்றினால் விலங்குகளுக்குத் தசை இழுப்பு நோய் வருகிறது என்று காட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த இடைக்காலத்தில் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் தைராய்டை அகற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். நோயாளிகள் சிலருக்குக் கை கால் இழுத்துக்கொண்டதன் காரணமும் தெரியாமல்தான் இருந்தது.

இந்த இரு மாணவர்களுக்கும் இடையே திறமையில் வேறுபாடு இருந்ததாகத் தோன்றவில்லை. ஒருவருடைய எழுத்து, அதைத் தேடக்கூடியவர்களின் கைக்கு எட்டியது; மற்றவருடையது எட்டவில்லை.

இந்தியாவில் மாணவர் ஆய்வின் இரு வாயில்கள்

இளநிலை மாணவருக்கான முதன்மை வாயில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979இல் தொடங்கிய குறுங்கால மாணவர் ஆய்வுத் திட்டம். எம்.பி.பி.எஸ். அல்லது பி.டி.எஸ். மாணவர் தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு ஆய்வு முன்மொழிவை அனுப்ப வேண்டும். அது தேர்வானால் இரண்டு மாத காலத்தில் ஆய்வை முடித்து அறிக்கை தர வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே உதவித்தொகையும் சான்றிதழும் கிடைக்கும். இரண்டு மாதத்தில் பெரிதாக எதையும் நிறுவிவிட முடியாதுதான். ஆனால் கேள்வியை ஒழுங்காகக் கேட்பதற்கும், நெறிமுறைக் குழுவின் முன் நிற்பதற்கும், புள்ளியியல் கணக்கைப் பார்த்து மிரளாமல் இருப்பதற்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பழக்கம் அமைவது கடினம்.

முதுநிலையில் எம்.டி., எம்.எஸ். மாணவருக்கு ஆய்வேடு கட்டாயம். ஆய்வு முறையியல் பயிற்சியும் இப்போது கட்டாயமாகிவிட்டது. நாடு முழுவதிலுமிருந்து முதுநிலை மாணவர்கள் பயிலும் உயிர்மருத்துவ ஆய்வின் அடிப்படைப் படிப்பை, என்.பி.டி.இ.எல். தளத்தின் வழியே சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்துகிறது.

முதுநிலை ஆய்வேட்டைத் திறந்து வைப்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், தன்கீழ் உள்ள கல்லூரிகளின் ஆய்வேடுகளை ஓர் இணையக் களஞ்சியத்தில் முழு வடிவில் ஏற்றி வைத்திருக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. துறைவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் தேடலாம். மதுரையிலோ திருநெல்வேலியிலோ எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டை, கென்யாவில் ஒரு மருத்துவர் அரை நிமிடத்தில் திறந்து படிக்க முடியும். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இன்ஃப்ளிப்நெட்டின் சோத்கங்கா களஞ்சியம் நாடளாவிய அளவில் இருக்கிறது. மருத்துவ முதுநிலை ஆய்வேடுகளுக்கு அதற்கு இணையான கட்டாயம் இல்லை. அதனால் அவற்றைத் திறந்து வைப்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

வேறுபாடு இல்லை என்ற முடிவின் மதிப்பு

திறந்து வைப்பதற்கான காரணங்களில் மிக வலுவானது அதிகம் பேசப்படாத ஒன்று. ஒரு மருந்து அறுவைக்குப் பிந்தைய வலியைக் குறைக்கிறதா என்று ஒரு மாணவி 60 நோயாளிகளிடம் ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. வழிகாட்டி உதட்டைப் பிதுக்குகிறார். இதழ்களும் இப்படிப்பட்ட முடிவை எளிதில் ஏற்பதில்லை. ஆய்வேடு தேர்வுக்குப் போகிறது, அத்துடன் சரி.

இதே ஆய்வை வெவ்வேறு ஊர்களில் 20 பேர் செய்கிறார்கள் என்று இப்போது எண்ணிப் பாருங்கள். மருந்துக்கு உண்மையில் எந்தப் பயனும் இல்லாவிட்டாலும், வழக்கமாகப் பயன்படும் புள்ளியியல் அளவுகோலின்படி இருபதில் ஒன்றேனும் தற்செயலாகப் பயன் இருப்பதாகக் காட்டக்கூடும். அந்த ஒன்று இதழில் அச்சாகும். மற்ற 19 அலமாரியில் உறங்கும். அச்சானதை மட்டும் படிக்கும் மருத்துவர் மருந்தை எழுதித் தருவார். இதைப் பதிப்புச் சாய்வு என்பர். பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிடும் மேற்பகுப்பாய்வு செய்பவர்கள் ஆய்வேட்டுக் களஞ்சியங்களையும் துழாவுவதற்கு இதுவே காரணம். அந்த மாணவியின் 60 பேர் தனியாக எதையும் நிறுவ மாட்டார்கள். மற்ற 19 ஆய்வுகளோடு சேரும்போது நிறுவுவார்கள். அவர் தம் முடிவை அலமாரிக்கு அனுப்பினால், இழப்பு அவருக்கு மட்டும் அன்று.

அந்த 60 பேரின் பக்கமும் உண்டு. அவர்கள் இரத்தம் கொடுத்திருக்கிறார்கள், கூடுதலாக ஒரு நாள் கூலியை விட்டு மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள், படிவத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். உலக மருத்துவச் சங்கத்தின் எல்சிங்கி அறிக்கை 1964இல் வெளியானது. பலமுறை திருத்தப்பட்ட அவ்வறிக்கை, மனிதரிடம் செய்யும் ஆய்வின் முடிவு சாதகமோ பாதகமோ தெளிவற்றதோ, அதைப் பொதுவில் கிடைக்கச் செய்வது ஆய்வாளரின் கடமை என்கிறது. மாணவருக்கு அதில் விலக்கு எதுவும் தரப்படவில்லை.

திறந்த அணுக்கம் என்பதன் பொருள்

2001 திசம்பரில் புடாபெஸ்ட் நகரில் கூடிய சிறு குழு ஒன்று, 2002 பிப்ரவரி 14 அன்று வெளியிட்ட அறிக்கையே திறந்த அணுக்கம் என்ற சொல்லுக்கு நிலையான பொருள் தந்தது. மருத்துவத் துறை அதற்கு முன்பே அந்தத் திசையில் நகரத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் பப்மெட் சென்ட்ரல் களஞ்சியம் 2000இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில், மும்பையில் 1997இல் தொடங்கிய மெட்நோ நிறுவனம், மருத்துவச் சங்கங்களின் இதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்தது. அவற்றுள் பல எழுதுவோரிடமும் கட்டணம் கேட்கவில்லை. ஏழை நாட்டு இதழ்களுக்கு இது சாத்தியமா என்று உலகம் விவாதித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் செய்தே காட்டினார்கள். 2011இல் அந்நிறுவனத்தை வோல்டர்ஸ் குளுவர் என்ற பன்னாட்டுப் பதிப்பகம் வாங்கியது.

பூட்டி வைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு லைபீரியா ஒரு கசப்பான சான்று. எபோலா நோய் பரவும் நாடுகளில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1982இலேயே ஓர் இதழில் எழுதியிருந்தனர். 2013 இறுதியில் மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கிய பெருந்தொற்று 11,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்தப் பழைய கட்டுரையைப் பற்றி 2015இல் எழுதிய லைபீரிய சுகாதார அதிகாரிகள், அதைப் பதிவிறக்க 45 டாலர் ஆகும், அது தங்கள் நாட்டு மருத்துவர் ஒருவரின் அரை வாரச் சம்பளம் என்று சுட்டிக்காட்டினர்.

இங்கு ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. இந்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் பன்னாட்டு இதழ்களை அரசு நிறுவனங்களுக்கு வாங்கித் தருகிறது. அரசுக் கல்லூரி மாணவருக்கு அது பெரிய உதவிதான். ஆனால் அது திறந்த அணுக்கம் ஆகாது. வாசலுக்கு வெளியே நிற்பவருக்குக் கதவு அப்படியே மூடியிருக்கிறது. ஊரில் தனியாகச் சிறு மருத்துவமனை நடத்தும் மருத்துவரும் அந்த வெளியே நிற்பவர்களில் ஒருவர்.

பகிர்வதற்கான வழிகள்

முதல் வழி பசுமை வழி எனப்படுகிறது. கட்டுரை எந்த இதழில் வந்தாலும், ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியைக் களஞ்சியம் ஒன்றில் தானே ஏற்றி வைப்பது இது. பல இதழ்கள் இதை உடனேயோ, சில மாதங்களுக்குப் பிறகோ அனுமதிக்கின்றன. எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்பதை ஷெர்பா ரோமியோ என்று நெடுங்காலம் அறியப்பட்ட தரவுத்தளத்தில் பார்க்கலாம். கல்லூரிக்குக் களஞ்சியம் இல்லாவிட்டால், சேர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்தும் செனோடோ போன்ற பொதுக் களஞ்சியங்கள் உள்ளன. அங்கு ஏற்றும் கோப்புக்கு நிலையான எண்ணுரு அடையாளம் இலவசமாகக் கிடைக்கும். பிறர் மேற்கோள் காட்ட அது போதும்.

இரண்டாவது பொன் வழி. இதழே கட்டுரையைத் திறந்து வெளியிடும். பெரும்பாலும் அதற்கு ஆசிரியரிடம் கட்டணம் வாங்கும். அது சில ஆயிரம் டாலர்கள் வரை போகும். உதவித்தொகையில் காலம் தள்ளும் மாணவருக்கு இது கட்டுப்படியாகாது. படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் பணம் வாங்காத இதழ்களும் இருக்கின்றன. அவற்றை வைர வழி என்பர். இந்திய மருத்துவ நெறிமுறை இதழ் அத்தகையது. மாணவர் முதலில் தேட வேண்டியது இத்தகைய இதழ்களையே.

மூன்றாவது முன்பதிப்பு. சகமதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையை மெட்ஆர்க்சிவ் போன்ற தளத்தில் வெளியிடுவது இது. 2019 சூனில் தொடங்கிய அத்தளம், அடுத்த ஆண்டே கொரோனா வந்ததால் உலகப் புகழ் பெற்றது. மதிப்பாய்வு பெறாத கட்டுரையை நம்பிச் சிகிச்சை அளிக்கக் கூடாது என்ற அறிவிப்பு அங்கே இருக்கும். அதை அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆய்வேட்டைக் களஞ்சியத்தில் வைத்துவிட்டால் பின்னர் இதழ்கள் ஏற்காதே என்ற அச்சம் மாணவரிடம் உண்டு. பெரும்பாலான மருத்துவ இதழ்கள் ஆய்வேட்டை முன்வெளியீடாகக் கருதுவதில்லை. இதழின் நெறிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டு, முகப்புக் கடிதத்தில் இது தன் ஆய்வேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால், ஒப்பீட்டு மென்பொருள் மாணவரின் சொந்த ஆய்வேட்டையே காட்டி, திருடியதாகச் சந்தேகப்படும். கருத்தைத் திருடிவிடுவார்களே என்பது இன்னொரு அச்சம். உண்மையில் நாள் குறிக்கப்பட்டுப் பொதுவில் இருக்கும் ஆய்வேட்டிலிருந்து திருடுவதைவிட, யாரும் பார்க்காத அலமாரியிலிருந்து திருடுவது எளிது.

கட்டணம் பறிக்கும் போலி இதழ்கள்

திறந்த அணுக்கத்தின் பெயரைக் கெடுத்தவை இவை. 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் போகானன் ஒரு சோதனை செய்தார். புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் பொருள் கிடைத்துவிட்டதாக, வேண்டுமென்றே பெரும் பிழைகளை வைத்து எழுதிய போலிக் கட்டுரையை, கட்டணம் வாங்கும் 304 திறந்த இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. இந்தியாவைத் தளமாகக் கொண்டவற்றில் 64 ஏற்றன, 15 மட்டுமே மறுத்தன. நமக்குப் பெருமை தராத கணக்கு.

இவற்றின் வலையில் முதலில் விழுபவர் மாணவரே. தேர்வுக்குள் ஒரு கட்டுரையேனும் வெளியாக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இருக்கிறது. மதிப்பிற்குரிய பேராசிரியரே என்று விளித்து மின்னஞ்சல் வருகிறது. மூன்று நாளில் கட்டுரை ஏற்கப்படுகிறது. அதன் பிறகே கட்டணம் சொல்லப்படுகிறது. பணம் போவது சிறிய இழப்பு. ஒருமுறை அங்கே வெளியான கட்டுரையை நல்ல இதழ் எதுவும் ஏற்காது. திரும்பப் பெறுவதற்கும் தனியாகப் பணம் கேட்பார்கள். இரண்டாண்டு உழைப்பு அதோடு முடிந்தது. எனவே அனுப்புமுன், திறந்த அணுக்க இதழ்களின் அடைவில் அந்த இதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்த அடைவைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அதைவிட நல்ல சோதனை, அந்த இதழின் பழைய கட்டுரைகள் நான்கைப் பொறுமையாகப் படித்துப் பார்ப்பது. இரண்டாவது கட்டுரையிலேயே விளங்கிவிடும்.

நோயாளியின் மறைவுரிமை

திறப்பது ஆய்வைத்தான், நோயாளியை அன்று. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு சிற்றூரில் அரிய நோயுள்ள 34 வயது ஆசிரியை, இன்ன தேதியில் சேர்க்கப்பட்டார் என்று எழுதினாலே ஊரார் அறிந்துகொள்வார்கள். வயதை வரம்பாகவும், தேதியை நோய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணிய நாள்களாகவும் மாற்ற வேண்டும். ஊர்ப் பெயரும் மருத்துவமனை எண்ணும் கோப்பில் இருக்கக் கூடாது. கண்களின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டிய ஒளிப்படங்களைப் பழைய ஆய்வேடுகளில் காணலாம். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு அதைப் போதாது என்கிறது. ஆளை அடையாளம் காணக்கூடிய படத்துக்கு எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும். பலர் மறப்பது, முதன்மைத் தரவு அட்டவணையை. ஆய்வேட்டின் கடைசியில் அப்படியே ஒட்டப்படும் அந்த அட்டவணையில் நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். நூலக அலமாரியில் அது யார் கண்ணிலும் படாது, இணையத்தில் படும்.

இதையெல்லாம் ஆய்வு முடிந்த பிறகு சரிசெய்வது கடினம். பெயர் நீக்கிய தரவைப் பொதுவில் பகிர்வோம் என்ற ஒரு வரி தொடக்கத்திலேயே ஒப்புதல் படிவத்தில் இருந்து, நெறிமுறைக் குழு அதை ஏற்றிருந்தால் பின்னர் தடை இராது. சிகிச்சை ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்க்குமுன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிய வேண்டும். 2007இல் தொடங்கிய அப்பதிவகம், 2018 ஏப்ரல் முதல் தொடங்கிவிட்ட ஆய்வுகளைப் பதிய ஏற்பதில்லை. பதிவுக்குக் கட்டணம் இல்லை. யார் பெயர் முதலில் வரும் என்பதையும் வழிகாட்டியோடு அப்போதே பேசி எழுதிவைத்துக்கொள்வது, பின்னாளில் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

உரிமமும் தமிழ்ச் சுருக்கமும்

கோப்பை ஏற்றும்போது ஓர் உரிமத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பெயர் குறிப்பிட்டால் எப்படியும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் மிகத் திறந்தது. அதன் கீழ் வெளியான படத்தையும் அட்டவணையையும் கட்டற்ற கலைக்களஞ்சியங்களில் சேர்க்கலாம், பிற மொழிகளில் பெயர்க்கலாம். வணிகம் கூடாது, மாற்றம் கூடாது என்னும் கட்டுப்பாடுகள் உள்ள உரிமங்களும் உண்டு. மாற்றம் கூடாது என்பதைத் தேர்ந்தால் மொழிபெயர்ப்பும் தடைப்படும் என்பதைப் பலர் அறிவதில்லை.

மொழிபெயர்ப்பு என்றதும் பெரிய வேலை என்று எண்ண வேண்டியதில்லை. தமிழ்நாட்டு ஆய்வேடு எதையும் புரட்டினால், பின்னிணைப்பில் நோயாளிக்கான தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழில் இருக்கும். ஆய்வு எதைப் பற்றியது, ஏன் செய்கிறோம் என்று அந்தத் தாளில் ஏற்கெனவே எளிய தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. முடிவு என்ன ஆயிற்று என்று இன்னும் பத்து வரி சேர்த்தால் தமிழ்ச் சுருக்கம் ஆயத்தம். அதைக் களஞ்சியத்தில் ஆங்கிலச் சுருக்கத்தோடு இணைக்கலாம். புறநோயாளர் பிரிவின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மறுபரிசோதனைக்கு வந்து காத்திருக்கும் இடம் அதுதான்.